நன்றியுரை இல்லாத பதினோரு பிரதிகள்

அந்தப் பழைய புத்தகக் கடையின் பின்னறையில் அன்று மாலை நான்கு மணிக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலுக்கு முதுகு காட்டி, கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் பேராசிரியர். அவருக்கு எதிரே, பிரிக்காத புத்தகக் கட்டின்மேல், கடைக்கார அம்மா. மேசையின் ஒரு முனையில் முகவரிக்காரர். முப்பது வருஷம் தபால் அலுவலகத்தில், யாராலும் படிக்க முடியாத முகவரிகளைப் படித்துச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதவோரம் மர ஏணியின் இரண்டாம் படியில் அவருடைய மைத்துனர். மேசையின் மறுமுனையில், யார் பக்கத்திலும் இல்லாமல், லத்தீன் வாத்தியாரின் மகள்.

மேசைமேல் பதினோரு பிரதிகள். எல்லாம் ஒரே புத்தகம். பழங்கால ரோமில் கவிஞர்கள் அதிகாரத்தின் முன் எப்படி நின்றார்கள் என்று பேராசிரியர் எழுதிய ஆய்வு நூல். முந்நூறு பிரதி அச்சாகி, நூலகங்களில் தூசி தின்று, கழிவாகி, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தவை.

மகள் முகவரிக்காரரைத் தேடிப் போனது ஒரு வாரத்துக்கு முன்பு. அந்த நூலில் உள்ள லத்தீன் கவிதைகள் அத்தனையையும் மொழிபெயர்த்தவர் தன் அப்பா. நன்றியுரையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறாள். இப்போது புதிய பதிப்பு வருகிறது, அப்பா பெயர் இல்லாமல். ஆதாரம் காட்டுங்கள் என்கிறது பதிப்பகம். இன்றைய தபாலோடு கெடு முடிகிறது. அப்பா செத்து எட்டு மாதம். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. கிடைத்த பதினொன்றிலும் அந்த ஒரு தாள் மட்டும் இல்லை.

"இதுல யோசிக்க என்ன அத்தான் இருக்கு?" என்றார் மைத்துனர், ஏணியிலிருந்து பாதி இறங்கி. "பேரு போனா யாருக்கு லாபம்? எதிர்ல உக்காந்திருக்கார்."

பேராசிரியர் தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் தூக்கினார். அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது. "மொழிபெயர்ப்பு என்னுது. அவரு ஒருதடவ பாத்துக் கொடுத்தாரு, அவ்வளவுதான்," என்றார்.

"மாப்ளே, நீ ஏறி உக்காரு," என்றார் முகவரிக்காரர். "தாள் போன இடத்த எல்லாரும் தடவிப் பாருங்க. கிழிக்கல. ஸ்கேல் வெச்சு அறுத்திருக்கு. பதினொண்ணுலயும் விரல் அகலம் விட்டு அறுத்திருக்கு. ஏன் தெரியுமா?"

"ஒட்ட அறுத்தா தையல்ல மறுபாதித் தாளும் கழண்டு விழுந்துடும்," என்றாள் கடைக்கார அம்மா. "புத்தகத்து மேல பாசம் உள்ளவன் செஞ்ச வேலை இது."

"குவளையே நிக்காத கையால இப்படிக் கோடு போட்டாப்ல அறுக்க முடியாது," என்றார் முகவரிக்காரர். "ஆக, பேராசிரியர் இல்ல. இந்தப் புத்தகங்க உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"விக்கிறது விப்பேன். சில மாசத்துல அதே புத்தகம் வாசல்ல இருக்கிற பெட்டியில திரும்பக் கிடக்கும். யாரு போட்டாங்கன்னு பாக்கல. வந்த தேதிய மட்டும் உள்ளட்டையில முத்திரை குத்திடுவேன்."

மகளுக்கு அது புதிய செய்தி. விற்ற தேதி என்றல்லவா நினைத்திருந்தாள்! ஒவ்வொரு அட்டையாகத் திறந்து பார்த்தாள். மூன்று வருஷத்து முத்திரைகள். கடைசி முத்திரை அப்பாவை மருத்துவமனையில் சேர்த்ததற்கு முந்தின வாரம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"நாம எல்லாரும் இல்லாத பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தோம்," என்றார் முகவரிக்காரர். "இருக்கிற பக்கத்த யாரும் புரட்டல. எண்பத்தேழாம் பக்கத்த எடும்மா."

எடுத்தாள். அரசனிடம் ஒரு கவிஞன் சொல்லும் வரி. 'பரிசை ஏற்றுக்கொள்' என்ற அச்சில் 'பரிசை' என்பதை ஒரே கோட்டால் அடித்து, ஓரத்தில் நீல மையில், 'இட்ட வேலையை' என்று எழுதியிருந்தது. அடுத்த பிரதியிலும் அதே. பதினொன்றிலும் அதே.

"லத்தீன்ல அந்த ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தமும் உண்டாம், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த 'லை'யப் பாருங்க. முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்ச பழைய எழுத்து. இந்தக் கடை அலமாரிச் சீட்டு எதுலயும் அது இல்ல. பேராசிரியர் எனக்கு எழுதின கடிதத்துலயும் இல்ல. இந்தப் பொண்ணு கொண்டுவந்த அப்பாவோட கடிதத்துல ஒம்பது இடத்துல இருக்கு."

மைத்துனர் இந்தத் தடவை ஏணியிலிருந்து இறங்கவில்லை. "அப்ப வாத்தியாரே தன் பேரை..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டார்.

"அப்பாவா?" என்றாள் மகள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

முகவரிக்காரர் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னாரா?"

பேராசிரியர் குவளையை மேசையில் தள்ளி வைத்தார். "ரெண்டு கடிதம் எழுதினாரு. தப்பா மொழிபெயர்த்துட்டேன், கவிஞன் மனசார கொடுத்தது இல்ல, அரண்மனை சுமத்தின வேலைன்னாரு. திருத்துங்க, இல்லன்னா என் பேர எடுங்கன்னாரு. என் நாலாவது அத்தியாயமே அந்த 'பரிசு' மேலதான் நிக்குது. கவிஞன் ஆசையா கொடுத்தான்னு நூறு பக்கம் எழுதிட்டேன். ரெண்டையும் நான் செய்யல."

"அதனால கிடைச்ச பிரதியெல்லாம் தேடி வாங்கி, தன் பேரை அறுத்துட்டு, படிக்கிறவங்களுக்காகத் திருத்திக் கடையிலேயே போட்டிருக்கார்," என்றார் முகவரிக்காரர்.

"இப்பத்தான் அவர் கேட்டபடி பேரை எடுத்திருக்கேன்," என்று பேராசிரியர் முனகினார். அவரே மறுபடி வாயைத் திறந்தார். "எழுதிக்கோம்மா. மொழிபெயர்த்தவர் அவர்தான்னு கையெழுத்துப் போடறேன். பேரு அச்சாகும்."

"அந்த வார்த்தைய மாத்துவீங்களா?"

"அத மாத்தினா புத்தகமே இல்ல. மத்ததெல்லாம் சரி."

எட்டு மாதமாக எதைக் கேட்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாளோ, அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்பா தனியாக உட்கார்ந்து ஸ்கேல் வைத்து, மூன்று வருஷமாக அறுத்துப் போட்ட பெயர். அதைத் திரும்ப ஒட்டவைக்கத்தான் இவள் இத்தனை பாடுபட்டாளா? சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்து அறையில் அவர் இதைச் செய்துகொண்டிருந்திருப்பார். கூப்பிட்டிருந்தால் ஸ்கேலையாவது பிடித்திருப்பாள்.

"எழுதும்மா, அஞ்சு மணிக்குத் தபால் ஆபீஸ அடைச்சுடுவாங்க," என்றார் மைத்துனர் மெதுவாக.

எழுதினாள். பெறுநர், பொருள், ஐயா என்று எல்லாம் முறையாக. என் தந்தையின் பெயரை நூலில் சேர்க்கும்படி நான் அனுப்பிய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண்பத்தேழாம் பக்கத்தில் 'பரிசை' என்பதை 'இட்ட வேலையை' எனத் திருத்த வேண்டுகிறேன். அவ்வளவுதான்.

பேராசிரியர் எட்டிப் படித்தார். "அவங்க மாத்த மாட்டாங்கம்மா."

"தெரியும்."

உறையின் விளிம்பை நனைத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி ஒட்டினாள். மைத்துனர் கூடவே வந்தார். தெருமுனைத் தபால் அலுவலகத்தில் கடைசி ஆளாக நின்றார்கள்.

"பதிவுத் தபாலா? ஒப்புகை அட்டை வைக்கணுமா?" என்றார் சன்னலுக்குள் இருந்தவர்.

"வேண்டாம். சாதாரணமாவே போகட்டும்."

அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த பைக்குள் போட்டுவிட்டு, சன்னலை இறக்கினார்.