கடைசி நாளில் காணாமல் போன குண்டு

காலை 10.15. குண்டைக் காணோம்.

நாளை மூடப்போகும் கேம் சென்டரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பின்பால் மெஷின், குண்டைக் குழியில் விழாமல் தட்டித் தட்டி ஸ்கோர் ஏற்றும் ஆட்டம். கடைசியாக ஒருமுறை ஆட வந்த பழைய ஆட்டக்காரர்கள் பதினோரு பேர், எல்லோரும் வழுக்கையும் மூக்குக் கண்ணாடியுமாக. டோக்கன் போட்டால் விளக்கு எரிந்தது, பாட்டு வந்தது. உருண்டோட வேண்டிய எஃகுக் குண்டு மட்டும் வரவில்லை. மேல் கண்ணாடி அதன் இடத்தில் இருந்தது. பூட்டும் உடையவில்லை.

பதினோரு பேரில் ஒருவர் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். மெஷினின் ஸ்கோர் பட்டியலில் இருபது வருஷமாக இரண்டாம் இடம். முதலிடத்தில் பெயர் என்று மூன்றே எழுத்து. அந்த ஆசாமியை அவர் பார்த்ததே இல்லை. இன்றாவது அவனை இறக்கிவிடலாம் என்று இடுப்பு வலியோடு வந்தவர், யாரும் கேட்காமலே கேஸை எடுத்துக்கொண்டார்.

10.30. முதலாளி.

"மெஷின் சாவி எங்க இருக்கும்?"

"என் நாற்காலிக்குப் பின்னாடி ஆணியில. யார் வேணா எடுக்கலாம்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"எனக்கு ஒண்ணுமே தோணல சார். மூடப்போற கடை."

10.40. மெக்கானிக். வெகுநாளுக்குப் பிறகு இன்றுதான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கடைசியா எப்ப திறந்தீங்க?"

"எட்டு வருஷம் ஆச்சு. உள்ள மூணு பென்சில் செல் மாத்தினேன். மெயினை அணைச்சாலும் ஸ்கோர் அழியாம இருக்கறது அதாலதான்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு வருஷம் தாங்கினா பெரிய விஷயம்."

10.50. கவுண்டரில் டோக்கன் கொடுக்கும் அக்கா. அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருந்தது.

"கடிகாரம் ஓடலையா?"

"செல் தீர்ந்துபோச்சு. மணி பார்த்து என்ன ஆகப்போகுது?"

இன்ஸ்பெக்டர் பேனா கேட்டார். அக்கா டிராயரை இழுத்தார். உள்ளே ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை, பிரிக்காத பென்சில் செல் பாக்கெட். பேனாவும் இருந்தது.

11.05.

"குண்டைக் குடுத்துடுங்கம்மா."

அக்கா டிராயரை மூடினார்.

"மெக்கானிக் போட்ட செல் ரெண்டு வருஷத்துல தீர்ந்திருக்கும். எட்டு வருஷம் கழிச்சும் ஸ்கோர் அழியல. அப்போ யாரோ மாத்திட்டே இருக்காங்க. தலைக்கு மேல கடிகாரம் செத்துக் கிடக்கு, அதுக்குப் போடற அதே செல் உங்க டிராயர்ல சும்மா இருக்கு. அது கடிகாரத்துக்கு வாங்கினதில்ல. ஸ்கோரைக் காப்பாத்தறவங்கதான் இன்னிக்கு ஆட்டத்தையும் நிறுத்துவாங்க. அந்த முதல் பேரு உங்களுக்கு யாரு?"

"தம்பி. பைக்ல போய் மோதிட்டான்." அக்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அவன் பேருன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் சார். கடைசி நாள்ல நீங்கல்லாம் வந்து கீழ இறக்கிட்டுப் போயிடுவீங்கன்னு எடுத்தேன்."

கைப்பையிலிருந்து குண்டை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். முதலாளி அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "ஆடட்டும்மா. வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார்.

மாலை 5.00. பதினோரு பேரும் ஆடி முடித்தார்கள். கண் பார்த்ததைக் கை செய்வதற்குள் குண்டு நழுவிக் குழியில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மூன்று தடவை முயன்றார். தன் பழைய ஸ்கோரில் பாதியைக்கூட அவரால் எட்ட முடியவில்லை.

அக்கா எழுந்து வந்து பட்டியலைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதாம்மா."

"இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?"

இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. நடுங்கும் விரல்களைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அக்கா அதையும் பார்த்துவிட்டார்.

"அவன் இருந்திருந்தா அவன் கையும் இப்படித்தான் ஆகியிருக்குமா சார்?"

"ஆகியிருக்கும்மா."

தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை அக்காவுக்கு அப்போது வந்தது.