ஒற்றை ஆணை

திருச்சியில் இருந்த தேசிய நலப் பேரவையில் பச்சைநாள் என்றால் பாயசம் உண்டு. ஊர் ஊராகச் சாக்கடைக்குள் பதித்திருந்த கிருமிமுகர்வான்கள் இரவும் பகலும் தண்ணீரை மோந்து பார்த்துச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முழுக்க எந்தக் கிருமியும் தட்டுப்படாத ஊர், பேரவையின் சுவர்த்திரையில் பச்சையாக ஒளிரும். அந்த ஊர்க்காரர்கள் கட்டணமும் இல்லாமல், சோதனைச் சாவடியில் நிற்கவும் வேண்டாமல் நாடெங்கும் போய் வரலாம். கடல் உள்ளே வந்த பிறகு கட்டிய துறைமுகமான அலைப்பட்டணம் இந்தத் தடவை முதன்முதலாகப் பச்சையாகியிருந்தது.

தலைமை நல மருத்துவர் தில்லைநாயகி பாயச டம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"ரஹ்மத்து, சளிக்கிருமி கூடவா இல்ல?"

"சுத்தமா இல்ல மேடம். எல்லாமே பூஜ்யம்." துணைத் தலைவர் ரஹ்மத்துல்லா ஏதோ தானே அலைப்பட்டணத்தில் பிறந்தவர்போலப் பூரித்துப் போயிருந்தார்.

"அடைமழைக் காலத்துலயா? மூக்கு ஒழுகுற பிள்ள ஒண்ணுகூட இல்லாத ஊரு எங்கய்யா இருக்கு?"

தில்லைநாயகிக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் கிளம்பியது. நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்ததும் வருகிற துள்ளல் அது. வார்டு டாக்டராகச் சேர்ந்து, மாவட்டம், மாநிலம் என்று ஏறித் தலைமை நாற்காலிக்கு வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. இந்தத் துள்ளல் மட்டும் நரைக்கவே இல்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அலைப்பட்டணத்தின் சாக்கடைப் பொறியாளர் அல்போன்ஸைத் திரையில் அழைத்தார்.

"தம்பி, திட்ட மாட்டேன். முகர்வான் தொட்டியில என்ன போட்டீங்க?"

அல்போன்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிளீச்சிங் பவுடர் மேடம். பக்கத்து ஊரு போன வருசமே பச்ச வாங்கிருச்சு. நம்மால மட்டும் முடியாதான்னு ஊரே வந்து கெஞ்சுச்சு."

"காய்ச்சல் இருக்கா?"

"இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் பேரு கெட்டுரும்னு எல்லாரும் வீட்டுலயே படுத்துக்கிடக்காங்க. எம் பொண்டாட்டியும்தான் மேடம்."

"அவங்க கையக் காட்டச் சொல்லுங்க."

போர்வைக்குள்ளிருந்து நடுங்கியபடி ஒரு கை நீண்டது. நகங்கள் ஐந்தும் மைக்கூட்டில் முக்கி எடுத்தாற்போல் நீலமாக இருந்தன.

நீலநகக் காய்ச்சல். ஒரு காலத்தில் தெருத்தெருவாக வீடுகளைக் காலி செய்த நோய். வார்டு டாக்டராக இருந்தபோது தில்லைநாயகி அதை நேரிலேயே பார்த்தவர். காய்ச்சல் தெரிவதற்குச் சில நாள் முன்பே, ஆள் சிரித்துப் பேசி நடமாடும்போதே, மூச்சில் பரவிவிடும்.

"ஊரைப் பூட்டிடலாம் மேடம்," என்றார் ரஹ்மத்துல்லா. பூரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"ஊருல யாரு இருக்கா? பச்சைன்னு முந்தாநாளே சொல்லியாச்சு. பாயசம்தான் இன்னிக்கு வந்திருக்கு. ஓசிப் பயணம்னு பாதி ஊரு ரயிலேறிப் போயிருக்கும்."

இனி நாட்டையே நிறுத்தினால்தான் உண்டு. அதற்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ஆணை. முன்பொரு தலைவர் எவன் தும்மினாலும் நாட்டைப் பூட்டிப் பூட்டி ஜனங்களின் பொறுமையைச் சோதித்துவிட்டார். வெறுத்துப்போய் எழுதிய சட்டம் இது: தலைமை மருத்துவர் தம் பதவிக்காலத்தில் ஒரே முறை நாட்டை நிறுத்தலாம். நிறுத்திய நொடியே பதவி போய்விடும், அவர் செய்தது சரியோ தப்போ. அதற்குப் பிறகு வந்த ஒருவரும் பெருவிரலை மேசையில் பதித்திருந்த ஆணைத் தகட்டின் மேல் வைத்ததில்லை. மாலை மரியாதையோடு ஓய்வுபெற்று, நடைக்கூடத்தில் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லைநாயகிக்கும் அப்படிச் சிரிக்க ஆசைதான். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசியில்லாமல் மூச்சுவழியே தடுப்பு மருந்து தரும் திட்டம், பல வருடம் அரசிடம் முட்டி மோதி அவர் வாங்கியது, அடுத்த மாதம் தொடங்கவிருந்தது. பதவி போனால் அதுவும் நின்றுபோகலாம்.

"ரெண்டு நாள் பொறுத்தா பரிசோதனை முடிவு வந்துரும் மேடம். நகத்தைப் பார்த்து நாட்டைப் பூட்டுனாங்கன்னு சிரிப்பாங்க," என்றார் ரஹ்மத்துல்லா.

"சிரிக்கட்டும். சிரிக்க ஆள் இருக்கணும்ல?"

பெருவிரலை வைத்து அழுத்தினார். உள்ளே அதே துள்ளல். பயமா மகிழ்ச்சியா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. சுவர்த்திரை முழுதும் சிவந்தது. ரயில்களும் படகுகளும் பறக்கும் வண்டிகளும் அடுத்தடுத்த நிலையங்களில் நின்றன. 'நன்றி. தங்கள் பணி நிறைவுற்றது' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, தலைமை மருத்துவர் என்ற இடத்தில், ரஹ்மத்துல்லாவின் பெயர்.

"மேடம்..."

"இப்ப நீங்கதான் தலைவர். முதல்ல கண்ணத் தொடைங்க. இறங்குறவங்க நகத்தையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம், குழந்தைங்க மருந்த மட்டும் விட்டுராதீங்க."

"விடமாட்டேன் மேடம்."

நாடு மூன்று வாரம் அடைந்து கிடந்தது. அலைப்பட்டணம் சிலரைப் பறிகொடுத்தது. வெளியூர்களில் இறங்கியவர்களை உடனே மடக்கித் தனிமைப்படுத்தியதால் நோய் அதற்குமேல் நகரவில்லை. அதனாலேயே வசவும் தொடங்கியது. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று செய்தித்திரைகள் எழுதின.

தில்லைநாயகி கரூரில் ஒரு வார்டு மருந்தகத்தில் டாக்டராகச் சேர்ந்தார். ஒருநாள் காலை தொண்டைக்கட்டோடு வந்த ஒருவர், முகக்கவசத்துக்குள் இருப்பவர் யாரென்று தெரியாமல், வாயைத் திறந்து காட்டுவதற்கு முன்பே பொரிந்துதள்ளத் தொடங்கினார்.

"கத்திக் கத்தியே தொண்ட கட்டிருச்சு டாக்டரம்மா. எம் பொண்ணு கல்யாணத்தத் தள்ளி வச்சதுல மண்டபக்காரன், சமையல்காரன், ஒருத்தன் விடாம எல்லாருகிட்டயும் சண்ட. எல்லாம் அந்தப் பொம்பளையால! அலைப்பட்டணத்துல காய்ச்சல்னா அதப் பூட்டணும். எங்கள எதுக்குப் பூட்டுனா? எங்க தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே!"

தில்லைநாயகி கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

"கடைசியா என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னேன்."