முதல் தட்டு

ஞாயிறு காலை. தேங்காய்ப்பாலில் சேம்பிலை மணக்கும் 'பலுசாமி' கறி அடுப்பிலிருந்து இறங்கும் முன்பே வையோலாவின் நாத்தனார் மாரெட்டா ஆரம்பித்துவிட்டாள்.

"என் தம்பிக்காக ஜெபம் பண்ண போதகரே ஆஸ்பத்திரிக்கு வரார்... கூட்டம் வேண்டாம்னு சொல்ல நீ யாருடி? வாக்கப்பட்டு வந்தவதானே நீ!"

நியூசிலாந்தில் குடியேறிய இந்தச் சமோவா வீட்டில் பதினாறு வருஷமாகப் போதகருக்கு முதல் தட்டு, வையோலாவுக்குக் கடைசித் தட்டு. அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த யோவானே என்ற அவள் கணவன் பிழைத்து இன்று ஏழாம் நாள். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

"ரத்தக்குழாய் சுருங்குற நாளு இதுதானாம் அக்கா... கை, பேச்சுல மாற்றம் தெரிஞ்சா உடனே சொல்லணுமாம்."

"ஆமா, பெரிய டாக்டரு!"

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியது. அப்போது கண் திறப்பதே தப்பு. குரல் கொடுத்தால் குடும்பத்துக்கே அவமானம். வையோலா கண்ணைத் திறந்தாள். நேற்றுவரை பாட்டோடு கூடவே முணுமுணுத்த யோவானே இன்று பாட்டில் வாயே திறக்கவில்லை. பக்தியில் உருகுகிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இப்போது அவன் வலது கை கட்டிலோரம் தொங்கியது.

"நிறுத்துங்க! நர்ஸ்... ஓடி வாங்க!"

"போதகர் முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி!" மாரெட்டா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வையோலா அழுகையை அடக்கிக்கொண்டாள். கட்டிலை விட்டு நகரவில்லை.

நர்ஸ்கள் அவனைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார்.

"மூளைக்குப் போற குழாய் நூலா சுருங்கிடுச்சு. தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு, மருந்து செலுத்தி விரிச்சிருக்கோம். கை அசையுது, பேசுறார். இன்னும் ஒரு வாரம் கவனமா இருக்கணும். யாரு பார்த்தது? ஜெபம் முடியட்டும்னு இருந்திருந்தா கஷ்டம்தான்."

போதகர் வையோலாவைக் காட்டினார்.

உறவினர் அறையில் சாப்பாட்டுக் கூடை திறந்தது. வையோலா பழக்கத்தில் பரிமாற எழுந்தாள். மாரெட்டா அவளை உட்கார வைத்து, முதல் தட்டோடு அவள் முன் மண்டியிட்டாள்.

"அக்கா... போதகர் இன்னும்..."

"அவர் காத்திருப்பார். நாங்க அத்தன பேரும் கண்ண மூடிட்டு நின்னோமே... நீ ஒருத்திதானேம்மா என் தம்பியப் பார்த்த! மன்னிச்சிடு..."

ஏழு நாளாக அடக்கிய அழுகையெல்லாம் வையோலாவுக்கு நாத்தனார் தோளில் உடைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதகருக்கும் முன்னால், சாப்பிட்டாள்.