வலது விலாவுக்குக் கீழே

காலையில் பல் துலக்குவதைப் போல, உடம்பைச் சோதிக்கும் நலவாயில் பலகையில் உள்ளங்கை பதிப்பதும் தூத்துக்குடி வீடுகளில் பழக்கமாகிவிட்டிருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மேற்பார்வையாளரான ஆவுடையப்பன், ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் சமையலறைச் சுவரில் இருந்த அந்தப் பலகையில் கையை வைத்தார்.

"வயிறு வலிக்கி. வலது விலாவுக்குக் கீழ. தோள்பட்டை வரைக்கும் இழுக்கி."

"அடடா, அண்ணாச்சி," என்றது பலகைக்குள் இருந்து பேசும் இயந்திரமான உசாத்துணை. அவருடைய ஊரையும் வயதையும் பார்த்து அவருக்கென்றே தேர்ந்தெடுத்த, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் அது. "வீட்ல எல்லாரும் சொகந்தானா? யாரும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்களா?"

"எனக்கு வலிக்கின்னு சொல்லுதேன். நீ வீட்டக் கேக்க."

"தப்பா நெனைக்காதீங்க. வயித்து வலி சும்மா வருமா?"

ஒரு வாரமாக இதே கூத்துதான். பண்பாட்டு உணர்வுச் சட்டத்தை எழுதியவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் கொடுமை. மனநல ஆலோசனை என்றாலே 'எனக்கென்ன பைத்தியமா' என்று இந்தப் பக்கத்து மனிதர்கள் ஓடுகிறார்கள், துக்கத்தைத் தலைவலி, வயிற்றுவலி, மூட்டுவலி என்றுதான் சொல்கிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். ஆகவே மனத்துக்கென்று தனி வாசல் வேண்டாம், அந்தப் பேச்சே வேண்டாம், எல்லாரும் உடம்பு வழியாகவே வரட்டும் என்று முடிவாயிற்று. வலி என்று வருகிறவரிடம் உசாத்துணை வீட்டுக் கதையைக் கேட்கும். பாரம் இறங்கிவிட்டது என்று அதற்குத் திருப்தியான பிறகுதான் மருத்துவரைப் பார்க்க அனுமதி. பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் வலியே போய்விடும். ஆவுடையப்பனோ முந்தின நாள் ஆலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

"எதையாவது சொல்லி அழுதுட்டு வாங்களேன்," என்றாள் அவர் மனைவி பகவதி, தோசையைத் திருப்பிக்கொண்டே. "எல்லாரும் அப்படித்தான் அனுமதி வாங்குதாங்க. என் மூட்டு வலிக்கு நான் எங்கம்மாவச் சொல்லி அழுதேன். அவ நல்லாத்தான் இருக்கா."

ஆவுடையப்பன் மறுபடி கையை வைத்தார். "மேனேஜர் ரொம்ப ஏசுதாரு. தாங்க முடியல."

"அது இல்ல அண்ணாச்சி. கொரல்ல ஒரு அசைவும் இல்லியே."

வலி மறுபடி சுருட்டிப் பிடித்தது. அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"சரி. கோமதிநாயகம்னு எனக்கு ஒரு தம்பி. நாங்க பேசுறதில்ல. போதுமா?"

"ஏன் பேசுறதில்ல?"

"அப்பா காரியத்துக்கு அவன் வரல. ஆழ்கடல் சுரங்கக் கப்பல்ல இருந்தான். ஒளியுருவத்த அனுப்பி வச்சான். சுடுகாட்டுல எல்லாரும் பாக்க வெளிச்சமா வந்து நின்னு அழுதான். எனக்கு ஆத்திரம் வந்துட்டு. அவனக் காட்டுன கருவிய அமத்திட்டேன்."

"அழுதுக்கிட்டு இருக்கையிலயா?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆமா."

அனுமதி உடனே வந்துவிட்டது. பித்தப்பையில் கற்கள், அதுவும் முற்றிப்போய்க் கிடந்தன. "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கடிந்துகொண்டார் மருத்துவர். "கதை சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றார் ஆவுடையப்பன். பித்தப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, உசாத்துணையைப் பற்றிக் காரசாரமாக ஒரு புகார் அனுப்பினார். கல்லுக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரம் என்று அதில் எழுதியிருந்தார். எழுதிய பிறகு அவருக்கு நல்ல பசி எடுத்தது.

வலி போய்விட்டது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தம்பி கோமதி கண்ணுக்குள் வந்து நின்றான். ஆலையில் விளக்கை அணைத்தால் கோமதி வந்து நின்றான். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குனிந்தபடி, பட்டென்று இருட்டாகிப் போனான். இத்தனை வருடமாகத் தன்னை ஒன்றும் செய்யாத விஷயம் என்றுதான் அவர் நம்பியிருந்தார். அனுமதி வாங்க வாய்விட்டுச் சொன்னது வினையாகிவிட்டது. இதை யாரிடமாவது முழுதாகச் சொல்லித் தொலைக்காவிட்டால் தன்னால் ஒரு வேலையும் பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பகவதி கடைக்குப் போகும் வரை காத்திருந்தார். பிறகு வெட்கத்தோடு கையை வைத்தார்.

"வயிறு வலிக்கி."

"ஸ்கேன் எடுக்க வண்டி அனுப்பிட்டேன் அண்ணாச்சி. இந்தா வந்துரும்."

"வீட்ல எல்லாரும் சொகமான்னு கேக்கலியா?"

"இனி கேக்கக் கூடாதாம். உங்க புகாரப் பாத்துத்தான் விதிய மாத்திட்டாங்க. வலின்னா நேரா ஸ்கேன்."

ஆவுடையப்பன் பலகையை முறைத்தார். "ஏ, இது அந்த வலி இல்ல. தம்பியப் பத்திப் பேசணும். எனக்கு மனசு சரியில்ல."

மனசு என்ற சொல்லை இந்தப் பக்கத்து ஆள் யாரும் சொல்லமாட்டார் என்றுதான் உசாத்துணைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது அண்ணாச்சி. உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா சாப்ட்டுட்டுத் தூங்குங்க."

பிறந்தது முதல் சொந்தக்காரர்கள் அவருக்குச் சொல்லிவந்த பதில் அது. இதைச் சொல்ல ஒரு சட்டமும் இத்தனை ஆராய்ச்சியும் எதற்கு என்று அவருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினார். ஒளியுரு வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்தார்.

"அலோ, யாரு?" பின்னால் கப்பல் எந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"நான்தாம்ல."

"என்ன விசயம்?" என்றான் கோமதி.

"வயிறு வலிக்கி," என்றார் ஆவுடையப்பன்.

"எப்பம் இருந்துண்ணே?"

"அப்பா காரியத்துல இருந்து."

அந்தப் பக்கம் கோமதி அழத் தொடங்கினான். வாசலில் ஸ்கேன் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆவுடையப்பன் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.