வெளுத்த தட்டுகள்

பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனை. அதன் கீழ்த்தளத்தில் சன்னலில்லாத பரிசோதனைக்கூடம். காலையில் அங்கே வேலை பார்க்கும் டெல்பின் வந்து விளக்கைப் போட்டாள். மாடியில் அவள் தம்பி அஜின் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தான். ரத்தத்தில் இருப்பது என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து போட முடியும். அதற்காக முந்தின நாள் அவன் ரத்தத்தை அகார் தட்டுகளில் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூடு மாறாத இன்குபேட்டருக்குள் வைத்திருந்தாள். தட்டுகளில் இருந்தது ஆட்டு ரத்தம் கலந்து இறுக வைத்த சிவப்புக் கூழ். கிருமிக்கு அதுதான் சோறு.

இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். சுருட்டு வாடை அடித்தது.

தட்டுகள் எல்லாம் வெள்ளை.

கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. சிவப்பு மட்டும் போயிருந்தது, நக்கித் துடைத்த வட்டில் மாதிரி.

ஆட்டு ரத்தம் வாங்கி வரும் உதவியாளர் மாரிராஜைக் கூப்பிட்டாள்.

"ரத்தம் எங்கன வாங்குனிய அண்ணாச்சி?"

"கறிக்கடைக்காரரு எங்க ஊர் சுடலைசாமி கோயில் கொடைக்குக் கெடா வெட்டப் போயிட்டாரு. அங்கனயே போயிப் பிடிச்சேன். உறையாம இருக்க கண்ணாடி மணி போட்டு, பஸ்ஸுல ஏரல்ல இருந்து குலுக்கிட்டே வந்தேன் பிள்ளே."

"சாமிக்குச் சுருட்டும் ரத்தமும் படைச்ச பொறவா?"

மாரிராஜ் குரல் இறங்கியது. "முன்னால. மண்ணுல விழ வேண்டியது. நான் குப்பியை நீட்டிட்டேன்."

"சாமி லேப்புக்கு வந்து சாப்பிடுதாராக்கும்," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியிலிருந்து புதுத் தட்டுகள் வரவழைத்தாள். அஜினிடம் மறுபடி ரத்தம் எடுத்து, கம்பி வளையத்தால் மெல்ல இழுத்தாள்.

இழுத்த கோட்டின் வழியே சிவப்பு உள்வாங்கியது.

மூடியின் உட்புறம் மூச்சு படிந்தது.

மாரிராஜ் அப்போதே ஏரலுக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் போன் வந்தது.

"பதிலுக்கு வேற கெடா வெட்டி ஊத்திட்டேன் பிள்ளே. மண்ணு குடிக்க மாட்டேங்கு. அப்படியே நிக்கு."

"ஏன் அண்ணாச்சி?"

"ஆட்டு ரத்தம் இனி வேண்டாம் போல."

டெல்பின் மாடிக்கு ஓடினாள். அஜின் கண் விழித்திருந்தான்.

"அக்கா, கால்மாட்டுல உக்காந்திருக்கவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு."

அங்கே யாரும் இல்லை. மெத்தை மட்டும் குழிந்திருந்தது.

அந்தக் குழி, பைய, தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தது.

அவள் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடிக்குள்ளேயே அது வெளுத்துக்கொண்டு வந்தது.