வளர்சட்டை

காசிலிங்கத்தின் சட்டை மறுபடியும் தடித்துவிட்டது.

"ஏனுங் பங்காளி, போட்டிருக்கறது சட்டையா, மெத்தையா?" என்றான் பக்கத்து டிரெட்மில் பட்டையில் நடந்துகொண்டிருந்த ராக்கியப்பன். கூடமே சிரித்தது.

திருப்பூரில் இப்போது பஞ்சும் கிடையாது, தறியும் கிடையாது. நூல் நூற்பவை பாக்டீரியாக்கள். முன்பு தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். சர்க்கரை விலை ஏறியதும், கம்பெனி தொட்டியை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்துக்கொண்டது. வளர்சட்டையின் உள்ளடுக்கில் குடியிருக்கும் கிருமிகள் வியர்வையில் கசியும் இனிப்பைத் தின்று செல்லுலோஸ் இழையைக் கக்கும். சனிக்கிழமை மேலேட்டை உரித்தால் துணி. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்து வியர்ப்பதுதான் வேலை.

மேற்பார்வையாளர் வெள்ளியங்கிரி காசிலிங்கத்தின் கழுத்தில் மாலை போட்டு, வாயில் ஜிலேபியைத் திணித்தார். "தங்கமான ஒடம்புங்க! அடுத்த வாரமும் இப்படி உரிஞ்சா, வேலை நிரந்தரமுங்க."

மாலையோடு வீட்டுக்குப் போனவனின் கால் விரலைத்தான் மனைவி சொர்ணா பார்த்தாள். ஆறாத புண். கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"சர்க்கரை எக்கச்சக்கம்" என்றார் டாக்டரம்மா. "அதான் சட்டை அப்படி வளருது. மாத்திரை போட்டா சட்டை மெலிஞ்சிரும். போடலைன்னா காலை எடுக்கணும்."

"சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடலாமுங்களா? வேலை நிரந்தரமாகப் போகுது..."

"காலு போயிட்டா எதுலீங்க நடப்பீங்க, சட்டையிலயா?" என்றாள் சொர்ணா.

காசிலிங்கம் மாத்திரையை விழுங்கினான்.

அந்தச் சனிக்கிழமை அவன் சட்டையிலிருந்து உரிந்து வந்தது வெங்காயத் தோல். வெள்ளியங்கிரி அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கம் நின்ற ராக்கியப்பனின் முகம் அப்படியே தெரிந்தது. மாலை இந்த முறை அவனுக்குத்தான். பொதபொதவென்ற சட்டையோடு, வலது காலை லேசாக இழுத்தபடி வந்து வாங்கிக்கொண்டான்.

காசிலிங்கத்தின் புண் காயத் தொடங்கியிருந்தது. இவ்வளவு தெம்பாக இருந்து எத்தனையோ வருஷமாயிற்று. அவன் வாயைத் திறக்கும் முன்பே வெள்ளியங்கிரி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குரலில் நிஜமான கவலை.

"என்னங்க காசி, ஒடம்புக்கு முடியலீங்களா? ரெண்டு மாசம் லீவு எடுத்துக்கங்க."

ஜிலேபிப் பெட்டியை முழுசாக அவன் கையில் கொடுத்தார்.

"நல்லா சாப்பிட்டு, தேறி வாங்க."