ஓணான் பார்த்த திசை

திங்கட்கிழமை மத்தியானம் வேலிக்கல்லில் படுத்திருந்த ஓணான், ஆளில்லாத கிணற்றைப் பார்த்துக் கழுத்துச் சிவந்து தலையாட்டியது.

முனீஸ்வரி சட்டென்று தொப்புளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சிவக்கிற ஓணான் தொப்புள் வழியாக ரத்தம் உறிஞ்சுகிறது என்று சொல்லி, குஜிலியம்பாறையில் அவளோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் மூடிக்கொண்டு ஓடுவார்கள். இப்போது வயிற்றில் ஆறு மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போக இன்னும் பதினெட்டு நாள் கிடந்தது. கணவன் பாண்டி லாரியோடு நாக்பூர் போயிருந்தான். முருங்கைக் காட்டுக்கு நடுவே அந்த ஒற்றை வீட்டில், காற்றில் நெற்றுகள் உரசிக் கிலுகிலுப்பதும், வயிற்றுப்பிள்ளை உதைப்பதும்தான் அவளுக்குத் துணை.

செவ்வாய்க்கிழமை அது துவைக்கிற கல்லைப் பார்த்துச் சிவந்தது. புதன்கிழமை வாசற்படியைப் பார்த்து. அன்றைக்கே கிணற்றுப்பாசி நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு தடவை பினாயில் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

வியாழக்கிழமை, அடுப்படி ஜன்னலுக்கு நேராக வேலிக்கல்லில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. கழுத்து ரத்தமாகச் சிவந்திருந்தது. விடாமல் தலையாட்டியது. பிள்ளை உதைப்பது நின்றுபோனது போலிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்து, கையில் கிடைத்த விறகுக்கட்டையை வீசினாள். சரியாகப் பட்டது. சுருண்டு விழுந்த ஓணான் சாம்பல் நிறமாக வெளுத்து, வேலிக்கு அடியில் ஊர்ந்து மறைந்தது.

உள்ளே வந்து பாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஏ கிறுக்கு, ஒன் ரத்தத்தக் குடிச்சு அது என்னத்தப் பண்ணப்போகுது? அதோட எடத்துக்குள்ள வேற எதுவும் வந்தாத்தான் அப்பிடிச் செவக்கும். தலையாட்டி வெரட்டப் பாக்கும். தோத்துப்போச்சுன்னா வெளுத்துரும்."

"வேற எதுவும்னா?"

"இன்னொரு ஓணான்தான். வேற என்ன? டோல்கேட்டு வந்துருச்சு, செத்த நேரத்துல கூப்புடுறேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

கிணறு. துவைக்கிற கல். வாசற்படி.

இன்றைக்கு அடுப்படி.

அது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தது.

நெற்றுச் சத்தம் நின்றிருந்தது. பாசி நாற்றம் பிடரியில் குளிர்ந்தது. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் திரும்பவில்லை. வேலிக்கல்லைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

இரண்டு கைகளாலும் தொப்புளை இறுக்கி மூடினாள்.

உள்ளே பிள்ளை ஒருமுறை துள்ளியது.

பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று மெதுவாக அவள் இடுப்பைச் சுற்றி வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது.